சலவை அறையில் இருபது நிமிடம்

பிப்ரவரி 9

ஊசி,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

உன் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்பி ஆறு வாரம் ஆகிறது. இந்த ஆறு வாரமும் நீ அழைத்தபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. போன வாரம் உன் எண்ணையே முடக்கிவிட்டேன். அக்காவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. போன் அடித்தால் நம் கொசு, குழந்தை பாவம், மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். வாசல் மணி அடித்தாலும் அப்படித்தான். படிக்கட்டில் யாராவது கனமான செருப்போடு ஏறினாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் விரல் நுனியில் நடக்கிறோம்.

போனில் உனக்குச் செய்தி அனுப்பலாம்தான். உன் அத்தான் என் போனை எடுத்துப் பார்ப்பார். அவருக்கு இது எதுவும் விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. அதனால்தான் காகிதம். கூரியரில் நாலு நாள் ஆகுமாம். பதிலை என் ஆஸ்பத்திரி முகவரிக்கு, எக்ஸ்ரே பிரிவு என்று போட்டு அனுப்பு.

வியாழக்கிழமை பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. விடுமுறையில் வெளிநாடு போய் வந்த பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம். உன் அத்தானைத்தான் தெரியுமே. "ஊர் பாத்தாதான் பிள்ளைங்களுக்குப் புத்தி விரியும்" என்று போவதற்கு முன்னாலிருந்தே பாடிக்கொண்டிருந்தவர். மூன்று நாள் அவளைக் கிளிப்பிள்ளை மாதிரி பழக்கினார். அந்த ஊர்மொழியில் நன்றி சொல்வது, பச்சை விளக்கு வந்தால்தான் தெருவைக் கடப்பது, ரயில் வரைபடத்தில் நிறம் பார்த்து வழி கண்டுபிடிப்பது. எல்லாம் அவள் வாயில் நின்றது.

அவள் முறை வந்தது. டீச்சர், "வெளிநாட்டுல நீ என்னம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார். கொசு எழுந்தாள். கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஓ, கண்ணாமூச்சியா!" என்று டீச்சர் கை தட்டினார். உன் அத்தானும் சிரித்தார். ஊசி, நான் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் "மூச்சை அடக்குங்க" என்று சொல்கிறவள். மனிதர்கள் எவ்வளவு நேரம் அடக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எண்ணினேன். முப்பத்திரண்டு வரை அவள் மூச்சு விடவில்லை. முகம் கருத்துப்போனது. ஓடிப்போய்த் தூக்கினேன். என் காதில், காற்றாக, "நிஷ்மா" என்றாள்.

வீட்டிலும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள். "அது என்னடி?" என்றால் உதட்டை மடித்துக்கொள்கிறாள். ஓயாமல் நொய் நொய் என்று பேசுகிறவள் என்றுதானே கொசு என்று பெயர் வைத்தோம்.

கடைசி நாள் மதியம் நாங்கள் இரண்டு பேரும் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போய், ஊர் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குத்தான் வந்தோம். குழந்தை உன்னிடம் இருந்தாள். விமான நிலையம் போகும் வழியில், ஏதோ சில்லறை விஷயம் மாதிரிச் சொன்னாய்: "நடுவுல ஒரு இருபது நிமிஷம் காணோம்க்கா. லிஃப்ட் பக்கத்துல நின்னுட்டிருந்தா."

அந்த இருபது நிமிடத்தை எனக்கு நிமிடம் நிமிடமாக எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். பிரிக்கும் வரைக்கும்தான் அந்தத் துள்ளல்.

கடிதம்கூட நீ எக்ஸ்ரே எடுப்பது மாதிரித்தான் எழுதுகிறாய். ஆளை நிற்க வைத்து, அசையாதே என்று சொல்லி, எலும்பு வரைக்கும் பார்த்துவிடுகிறாய். சரி, நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வாரம் என் கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்தேன். தையல் கடையில் கெஞ்சி விடுப்பு வாங்கினேன். போகும்போது விமான நிலையத்தில், நாலு பேர் பார்க்க, "பிள்ளை பெத்திருந்தா தெரியும்டி உனக்கு" என்றாய். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொசு விட்டுப்போன ஒற்றைச் சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அழுதேன். இதையும் கணக்கில் வை.

இருபது நிமிடம்தான் அக்கா. குழந்தைகள் எங்கிருந்து எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? டிவியில் எதையாவது பார்த்திருப்பாள். இங்கே எல்லாப் படத்திலும் யாராவது ஒளிந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை மறுபடி படித்தேன். முப்பத்திரண்டு வரை மூச்சு விடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

இருபது நிமிடம் இல்லை அக்கா. கொஞ்சம் கூட இருக்கும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள். பயந்துபோய்ப் போலீசுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்து கட்டடம் முழுக்கக் கதவு தட்டினார்கள். அவர்கள் தெருவில் தேடப் போன பிறகு அவளே படியேறி வந்துவிட்டாள். மேலே ஒரு கீறல் இல்லை. அழவும் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ விமானத்தை விட்டுவிடுவாய், அத்தான் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நிஷ்மா" இந்த ஊர்ச் சொல் இல்லை. கடையில் நாலு தேசத்துப் பெண்கள் தைக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

உன் ஊசி


பிப்ரவரி 19

ஊசி,

போலீஸ் வந்துபோன வீட்டில் உட்கார்ந்து நான் சாவதானமாக டீ குடித்திருக்கிறேன். "டீ சூடா இருக்காக்கா?" என்று கேட்டு நீ ஊற்றிக் கொடுத்தாய். உன் கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இப்போது நடுங்குகிறது.

திங்கட்கிழமை அவளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் டாக்டரிடம் காட்டினேன். ஒரு தாய் எதற்குப் பயப்படுவாளோ அதற்குத்தான் பயந்தேன். டாக்டரம்மா அரைமணி நேரம் பார்த்தார். "உடம்புல யாரும் எதுவும் பண்ணலைம்மா, நிம்மதியா இருங்க. ஆனா குழந்தை எதையோ காவல் காக்கிறா" என்றார். அன்றைக்குக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாதி நிம்மதி, பாதி என்னவென்று எனக்கே தெரியாது.

நிம்மதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வகுப்புக் கதவை யாரோ பலமாகத் தட்டியிருக்கிறார்கள். மின்விசிறி பழுது பார்க்க வந்த ஆள். கொசு பக்கத்தில் இருந்த பெண்ணை இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். அந்தக் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வீசிங். டீச்சர் இரண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததாம். நான் போனபோது அந்தக் குழந்தையின் கன்னத்தில் நாலு நகக்குறி. அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "உங்க பொண்ணுக்கு வீட்ல என்னங்க நடக்குது?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

வண்டியில் கேட்டேன், "ஏன்டி அப்படிப் பண்ணே?"

"காப்பாத்தினேம்மா" என்றாள். என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா உனக்கு என்று இருந்தது.

பள்ளியில், தாங்கள் சொல்லும் வரை அவளை அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஊசி, சின்ன வயதில் நீ பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் முதலில் பாதி உண்மை சொல்வாய். மீதியைக் கக்க வைக்க அடுத்த நாள் ஆகும். நான் காத்திருந்து பழகியவள். மீதியைச் சொல். எத்தனை நேரம்? யார் வீட்டில் இருந்தாள்? யாரைக் காப்பாற்றினாள்?

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

முதலில் என் குற்றம். அன்றைக்குக் கொசுவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வெளியே போனேன். ஒரு வாடிக்கையாளரின் கோட்டு நீளத்தைக் குறைத்துத் தைத்து வீட்டிலேயே வைத்திருந்தேன். ஆள் வந்து நிற்கிறார் என்று கடையிலிருந்து போன். கடை இரண்டு தெரு தள்ளி. கொசு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "சித்தி பத்து நிமிஷத்துல ஓடி வந்துடறேன். யார் மணி அடிச்சாலும் திறக்காதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்போது மணி இரண்டு பத்து. திரும்பி வரும்போது இரண்டு முப்பத்தைந்து. கதவு திறந்து கிடந்தது. ஸ்கெட்ச் பேனா மூடிகூடப் போடாமல் கிடந்தது.

அவள் படியேறி வந்தது நாலு ஐம்பதுக்கு. இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகிறது. நீங்கள் வந்து மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால். முகம் கழுவிவிட்டு, தலை வாரிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதடி செல்லம்" என்றும் சொன்னேன். ஆமாம், நானும் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் அவள் காவல் காக்கிறாள்.

தலை வாரும்போது சோப்புத்தூள் வாசனை அடித்தது. அதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். உன் கடிதம் வந்த பிறகு, துணி தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. எங்கள் கட்டடத்தில் அந்த வாசனை அடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை.

சனிக்கிழமை காலை இறங்கிப் போனேன். நாலு மெஷின், துணி மடிக்க ஒரு நீள மேசை, அதன் மேலிருந்து தரை வரை தொங்கும் படுக்கை விரிப்புகள். யாரும் இல்லை. என்ன தோன்றியதோ, சத்தமாக "நிஷ்மா" என்றேன். மெஷின்களுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே அக்கா, ஆள் இல்லாத அறை அப்படி இருக்காது.

கடைசியில் ஒரு தகரக் கதவு திறந்தது. துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். எங்கள் படிக்கட்டைக் கழுவுகிறவள். மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் பேசியதில்லை. ஈரப்படியில் காலை வைக்காமல் தாண்டிப் போவதுதான் எங்கள் பழக்கம். அடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். போனில் கொசு படத்தைக் காட்டினேன். கட்டை கையிலிருந்து நழுவியது.

அவளுக்கும் எனக்கும் இந்த ஊர் மொழி அரைகுறை. இரண்டு அரைகுறையைச் சேர்த்து ஒட்டுப்போட்டு நான் புரிந்துகொண்டது இது. மெஷின்களுக்குப் பின்னால் கொதிகலன் வைக்கிற சின்ன அறையில் அவளும் எட்டு வயது மகளும் இருக்கிறார்கள். இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் ஒன்றும் கிடையாது. கட்டட மேலாளர் தெரியாத மாதிரி இருக்கிறார். சம்பளமும் தெரியாத மாதிரிதான் போலிருக்கிறது. மகள் பகலில் வெளியே வருவதில்லை. அன்றைக்குக் கொசு என்னைத் தேடிப் படியிறங்கி, ஒரு மாடி கூடுதலாக இறங்கி, அழுதுகொண்டே அங்கே வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எந்த வீட்டுக் குழந்தை என்று கேட்டிருக்கிறார்கள். மொழி புரியவில்லை. மேலே கூட்டிப் போகலாம் என்று எழுந்தபோது பூட்ஸ் சத்தம்.

நான் கூப்பிட்ட போலீஸ் அக்கா. கொசுவைத் தேடி வந்தவர்கள்.

அவள் தன் மகளுக்குச் சொல்லும் சொல் அது. "நிஷ்மா" என்றால் "நீ இங்கே இல்லை" என்பது மாதிரி. அதைக் கேட்டால் மகள் அந்த மேசைக்கு அடியில் போய்விட வேண்டும், மூச்சு வெளியே கேட்கக் கூடாது. அந்தத் தாய் கொசுவையும் இழுத்துக்கொண்டு போய் வாயைப் பொத்தியிருக்கிறாள். போலீஸ்காரர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வருவார்களோ என்று மூன்று பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார்கள். பிறகு படிக்கட்டு வரை கொண்டுவந்துவிட்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டி, மேலே போ என்று அனுப்பிவிட்டாள்.

ஆபத்து போன பிறகு சொல்ல ஒரு சொல் உண்டாம். "கிவா". இனி இருக்கலாம் என்று அர்த்தம். அதைக் கேட்டால்தான் மகள் வெளியே வருவாள். அன்றைக்குக் கொசுவின் எதிரிலேயே தன் மகளிடம் சொன்னவள், பதற்றத்தில் கொசுவிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். பார்த்ததை நான் எழுதப் போவதில்லை.

கொசுவிடம் "கிவா" என்று சொல்லிப் பார். இவர்களைப் பற்றி அத்தானிடம் மட்டும் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

ஊசி


மார்ச் 1

ஊசி,

சொன்னேன். கடிதம் கிடைத்த அன்றைக்கே, சாயங்காலம், காய்கறி விற்க வந்த ஆள் மணி அடித்தான். அவள் மேசைக்கு அடியில் போனாள். நான் தரையில் படுத்து அவள் முகத்துக்கு நேராக "கிவா" என்றேன். அவள் கண் விரிந்தது. கையை எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வைக்கிற மாதிரிச் சொன்னாள்: "நீ சொன்னா செல்லாதும்மா. அந்த அக்காவோட அம்மாதான் சொல்லணும்."

மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். உன் அத்தான் வீட்டில் இருந்தார். மின்சார மீட்டர் பார்க்க ஆள் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அவன் போன பிறகு குழந்தையைக் காணவில்லை. மேசைக்கு அடியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை, அலமாரியில் இல்லை. தெருவில் ஓடித் தேடியிருக்கிறார். எனக்குப் போன் செய்தார். நான் வெள்ளை அங்கியோடு ஓடி வந்தேன். உன் அத்தான் மாடித்தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊருக்குக் கொண்டுவந்த பெரிய பெட்டி, கெட்டி மூடி போட்டது, அறை மூலையில் படுக்க வைத்திருந்தோம். மூடி இடுக்கில் பச்சைத் துணி ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. அவள் கவுன். உள்ளே போய் மூடியை இழுத்திருக்கிறாள், கொக்கி தானாக விழுந்துவிட்டது. திறந்தபோது உதடு நீலமாக இருந்தது. நான் வாயோடு வாய் வைத்து ஊதினேன். இரண்டாவது தடவையில் இருமினாள். அந்தத் துணி மட்டும் சிக்காமல் மூடி சரியாகப் பொருந்தியிருந்தால், இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எழுதியிருக்கவே மாட்டேன்.

உன் கடிதங்களை உன் அத்தானிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும். அவர் சத்தம் போடவில்லை. ஊர் பார்த்தால் புத்தி விரியும் என்று சொன்ன மனிதர் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான்தானேடி கூட்டிட்டுப் போனேன்" என்றார். பிறகு எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். உங்கள் ஊர்ப் போலீசுக்குப் புகார் எழுதினார். ஒரு பெண் எங்கள் குழந்தையை அடித்தளத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒளித்துவைத்தாள் என்று. கட்டட முகவரி கேட்டார். நான் சொன்னேன். எந்த அறை என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

நேற்று அனுப்பியாயிற்று. நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நினைத்துக்கொள். அவளுக்கு ஒரு பெண் என்றால் எனக்கும் ஒரு பெண்தான். தன் பயத்தைத் தன் பிள்ளைக்கு ஊட்டினாள், சரி. என் பிள்ளைக்கு எதற்கு ஊட்டினாள்?

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதம் நாலாம் தேதி மதியம் வந்தது. கடை வாசலில் நின்று படித்தேன். கொசு உதடு நீலமாக இருந்தது என்கிற வரியை மூன்று தடவை படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தவள் நீ. நான் இல்லை.

கழுத்தில் அளவு நாடாவோடு வீட்டுக்கு ஓடினேன். அவள் மூன்றாம் மாடிப் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "போலீஸ்" என்ற ஒரே சொல்தான் சொன்னேன். வாளியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: என் அக்கா. அவள் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்றாள். அக்கா, சத்தியமாக இதுதான் அவள் கேட்டது.

பெட்டிக்குள் போனதைச் சொன்னேன். பாதி வார்த்தையில், பாதி கையால். அவள் மகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் கட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர்களுக்கு மூட்டை கட்டப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவ்வளவுதான் சாமான்.

பேருந்து நிலையம் வரை நானும் போனேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. அவர்களைத் துரத்தியதே நாம், அவளிடமே உதவி கேட்பதா? "நீ சொன்னாத்தான் செல்லுமாம்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். போனை நீட்டினேன். அவள் தொடவில்லை. தன் குரல் ஏதாவது ஒரு போனில் பதிந்துவிட்டால் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். தலையை ஆட்டி முடியாது என்றுவிட்டாள். அவர்கள் போக வேண்டிய பேருந்து வந்தது. ஏறினார்கள்.

பிறகு மகள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அம்மாவும் இறங்கினாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்னவள்தான் கை நீட்டி என் போனைக் கேட்டாள். பேருந்து அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

உன் போனில் என் எண்ணை முடக்கியிருக்கிறாய். அத்தான் எண்ணுக்குப் போட்டேன். அவர் எடுத்ததும், "அத்தான், வெக்காதீங்க, கொசு பக்கத்துல வையுங்க" என்று கத்தினேன். அந்தத் தாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். அந்தச் சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நிறையப் பேசினாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. மகளும் பேசினாள். அடுத்த பேருந்தில் போய்விட்டார்கள். எந்த ஊர்ப் பேருந்து என்று நான் பலகையைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. கேட்டால் உளறிவிடுவேன்.

இன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். அதே பூட்ஸ். என்னைக் கூட்டிக்கொண்டு அடித்தளத்துக்குப் போனார்கள். கொதிகலன் அறையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கிண்ணம் மட்டும் இருந்தது. "இங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். என் கை நடுங்கவில்லை அக்கா. அதில் உனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? அத்தான் போனை வைத்த பிறகு நான் அழைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எழுது.

ஊசி


மார்ச் 11

அன்புள்ள ஊசி,

போன் அடித்தபோது நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கொசு தட்டை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். உன் அத்தான் உன் குரலைக் கேட்டதும் முகம் மாறி, வைக்கத்தான் போனார். நான் போனைப் பிடுங்கி, சத்தத்தைக் கூட்டி, தரையில் வைத்துத் தள்ளினேன்.

ஒரு பெண் குரல் வந்தது. அழுகிற குரல் இல்லை. பேருந்துகள் ஹாரன் அடிக்கும் சத்தத்துக்கு நடுவில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரிச் சாதாரணமாகப் பேசினாள். எங்களுக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. நடுவில் "கிவா" வந்தது. பிறகு மறுபடி வந்தது. அப்புறம் ஒரு சின்னப் பெண் குரல் அதையே சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தது.

கொசு வாயிலிருந்து கையை எடுத்தாள். மூச்சு விட்டாள் ஊசி. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மாத மூச்சு. வெளியே வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "அப்பளம் மெத்துனு ஆயிடுச்சு" என்றாள். உன் அத்தான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தவள்தான், ஓயவில்லை. எல்லாம் சொன்னாள். அந்த அக்கா தன் நெற்றியை இவள் நெற்றியில் முட்டிக்கொண்டு படுத்திருந்தாளாம். "அவங்க அம்மா அழுதாங்கம்மா, சத்தமே இல்லாம அழுதாங்க. எப்படிம்மா அப்படி அழறது?" என்று கேட்டாள். அவள் அப்பா பழக்கிக் கொடுத்த நன்றி, பச்சை விளக்கு, ரயில் வரைபடம் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. இது எல்லாம் இருக்கிறது.

நேற்று வாசல் மணி அடித்தது. அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்தாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகலாம். அந்த வீசிங் பெண்ணுக்குக் கொடுக்க ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

இப்போது என் மீதி உண்மை. பாதி பாதியாகச் சொல்லுகிற பழக்கம் உனக்கு மட்டும் இல்லை. புகார் போன அன்றைக்கு உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். உன் எண்ணைத் திறக்க ஒரு விரல் போதும். கூரியரில் நாலு நாள் ஆகும் என்று தெரிந்துதான் கடிதம் எழுதினேன். அதற்குள் அவர்களைப் பிடித்துவிடுவார்கள், நீ எச்சரிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். உன் ஊர்ப் போலீஸ் ஆறு நாள் எடுத்துக்கொண்டதால் தப்பித்தார்கள். என் நல்ல மனதால் இல்லை.

உன் அத்தான் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டார். எழுதினால் போதுமா என்று தெரியவில்லை. தேட ஆரம்பித்தவர்கள் நாம் சொல்லி நிறுத்துவார்களா?

இன்று காலை தலை பின்னும்போது கொசு கேட்டாள், "அந்த அக்கா இப்ப வெளியே வந்துட்டாங்களாம்மா?" சீப்பு கையில் நின்றுவிட்டது. "வந்துட்டாங்க" என்றேன். "நீ பாத்தியா?" என்றாள். ஒரு பின்னலைப் பின்னி முடித்து, தவறாகப் பின்னியது மாதிரி அவிழ்த்து, மறுபடி பின்னினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. என்னைப் பார்த்து அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இன்று சாயங்காலம் அழை, அவளே எடுப்பாள். அந்தப் பேருந்து நிலையத்துக்கு அவ்வப்போது போய்ப் பார். படிக்கட்டு கழுவுகிறவர்களை எல்லாம் நின்று பார். என்றைக்காவது அவர்களைக் கண்டால், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது. எங்கே என்று மட்டும் எழுதாதே. என் கையில் ஒரு முகவரி கிடைத்தால் நான் என்ன செய்வேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

உன் அக்கா